மாட்டுக்குப் போடுற புல்லுல களைக்கொல்லி எப்போ அடிக்கலாம்? அக்கா சொல்ற டிப்ஸ்

தீவனப் பயிர்ல களைக்கொல்லிக்கு இடம் ரெண்டே ரெண்டுதான் தங்கச்சி. ஒண்ணு, நடுறதுக்கு முன்னாடி நிலம் சும்மா கிடக்கிற நேரம். இன்னொண்ணு, விதைச்சு மூணாம் நாள், மண்ணுல ஈரம் இருக்கும்போது. பயிர் எழுந்து இலை விட்ட பிறகு மருந்து டேங்க்கை முதுகுல ஏத்தாதே. நெல்லுல மருந்து அடிச்சா அறுவடைக்கு மூணு மாசம் இருக்கு, அதுக்குள்ள மழை, வெயில், உமி, தவிடுன்னு எத்தனையோ தாண்டித்தான் அரிசி நம்ம தட்டுக்கு வருது. தீவனத்துல அதெல்லாம் கிடையாது. காலையில அறுத்த இலையும் தண்டும் அப்படியே மாட்டு வாய்க்குப் போகுது, சாயங்காலம் அதே மாட்டுல பால் கறந்து பிள்ளைக்குக் காய்ச்சுறோம். அதனாலதான் இவ்வளவு கறாரா சொல்றேன்.

முதல்ல, களை எப்போ நமக்கு எதிரின்னு புரிஞ்சுக்கோ. நீ போடப்போறது கோ 5 கம்பு நேப்பியர்னு சொன்னே. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2012-ல வெளியிட்ட ரகம், அதுக்கு முன்னாடி 2008-ல வந்தது கோ 4. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டர் விட்டு நடுறோம். கரணை முளைச்சு ரெண்டு மூணு இலை விடுற வரைக்கும் நடுவுல இருக்கிற மண் முழுக்க வெறும் மண்ணு. தண்ணியும் பாய்ச்சுறோம், எருவும் போடுறோம், வெயிலும் தாராளமா விழுது. சாரணையும் குப்பைக்கீரையும் அங்கேதான் குடியேறும். முதல் முப்பது நாப்பது நாள் புல்லைக் காப்பாத்திட்டா, அதுக்கப்புறம் நேப்பியரே மேல மூடிக்கும், கீழே களைக்கு வெளிச்சம் கிடைக்காது. 75, 80 நாள்ல முதல் அறுப்பு, பிறகு 45 நாளைக்கு ஒரு அறுப்புன்னு வருஷக்கணக்கா வெட்டிக்கிட்டே இருக்கலாம். அப்போ நம்ம சண்டை ஒரு மாசத்துக்குத்தான். ஒரு மாசச் சண்டைக்கு எவ்வளவு மருந்து வேணும்னு யோசிச்சா, பாதி செலவு அங்கேயே குறைஞ்சுடும்.

நிலம் தயார் பண்றதுலதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். சித்திரை, வைகாசி வெயில்ல ஒரு கோடை உழவு போட்டுடு. கோரைக்கிழங்கும் அருகம்புல் வேரும் மேல வந்து காயும். உழுத கையோட தண்ணி விட்டுடாதே, நல்லா காய விடு. அருகு வேரைக் கையாலயே பொறுக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் குவிச்சுக் காய வெச்சுடு. வயல்லயே விட்டா முதல் மழைக்கு ஒவ்வொரு துண்டும் ஒரு செடி ஆயிடும். அடுத்து, பாத்தி கட்டி ஒரு தண்ணி விட்டுட்டு பத்து, பன்னெண்டு நாள் சும்மா இரு. மேல்மண்ணுல கிடக்கிற விதையெல்லாம் பச்சைப் பசேல்னு முளைச்சு வரும். அதை மேலோட்டமா ஒரு ஓட்டு ஓட்டி அழிச்சுடு. ஆழமா உழுதுடாதே, அடியில தூங்குற விதையும் மேல வந்துடும். இது ஒண்ணைச் செஞ்சாலே பல வயல்ல களைக்கொல்லிக்கு வேலை இருக்காது. வாரக்கணக்குல காத்திருக்கணுமான்னு உன் வீட்டுக்காரர் கேப்பார். விட்டுப் பிடிக்கச் சொல்லு.

எருவைப் பத்தி ஒரு வார்த்தை. புதுச்சாணியை அப்படியே கொண்டுபோய்க் கொட்டாதே. மாடு தின்ன களை விதை பல வகை சாணியோட உயிரோடயே வெளிய வருது. குப்பைக்குழியில நல்லா சூடேறி மட்குனாத்தான் அது சாகும். கையில எடுத்தா பொலபொலன்னு உதிரணும், சாணி வாடை வரக் கூடாது. அந்த எருதான் வயலுக்குப் போகணும். காசு குடுத்து களை விதை வாங்குறவங்க இல்ல நாம, ஆனா மட்காத எரு போடுறவங்க எல்லாரும் காசில்லாம அதைத்தான் விதைக்கிறாங்க.

நடவுக்கு முன்னாடி நிலத்துல அருகும் கோரையும் கம்பளமா கிடந்தா, கடைக்காரர் முதல்ல எடுத்து வைக்கிறது கிளைஃபோசேட். இலை வழியா வேர் வரைக்கும் போய் அழிக்கிற மருந்து அது. நம்ம நாட்டுல தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத நிலத்துக்கும்தான் அதுக்கு அனுமதி. 2022 அக்டோபர்ல மத்திய வேளாண் அமைச்சகம் இன்னும் இறுக்கி, உரிமம் வெச்சிருக்கிற மருந்து தெளிப்பு ஆளுங்க மூலமாத்தான் பயன்படுத்தணும்னு அறிவிச்சுது. அரை ஏக்கர் தீவனத்துக்கு அந்த வழி வேண்டாம்னுதான் நான் சொல்வேன். கோடை உழவும் கைப்பொறுக்கலும் அந்த வேலையைச் செஞ்சுடும்.

பாராகுவாட்னு இன்னொண்ணு இருக்கு. அடிச்ச மறுநாளே இலை கருகி விழும், அதனால எல்லாருக்கும் பிடிக்கும். அதை உன் வீட்டு வாசல்படி ஏத்தாதே. உள்ளே போனா அதுக்கு மாற்று மருந்து இல்லை கண்ணு. ஒரு வாய் போனாலே ஆளைக் காப்பாத்துறது கஷ்டம். கேரளாவுல 2011-லயே தடை பண்ணிட்டாங்க. வேர் சாகாது, மேல மட்டும் கருகும். திரும்பத் தழைக்கிற கோரைக்காக இவ்வளவு பெரிய ஆபத்தைச் சமையல்கட்டுப் பக்கத்துல வெச்சுக்கணுமா?

இனி, விதைச்ச பிறகு அடிக்கிற மருந்துக்கு வருவோம். எந்தப் பயிருக்கு எதுங்கிறதுலதான் பலபேர் தடுமாறுறாங்க.

தீவன மக்காச்சோளம், ஆப்ரிக்கன் டால் மாதிரி, தனிப்பயிரா போட்டா அட்ரசின். 50 சதவீத நனையும் தூள், எக்டருக்கு 500 கிராம்ங்கிறது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, ஏக்கருக்குக் கணக்குப் போட்டா 200 கிராம். விதைச்ச மூணாம் நாள், மண்மேல தெளிக்கணும். கோ எஃப்.எஸ். 29 தீவனச் சோளத்துக்கும் அட்ரசின்தான் ஒத்துப்போகும். ஆனா மணல் பாங்கான நிலத்துல அளவைக் கூட்டிடாதே, தண்ணியோட விதை இருக்கிற இடத்துக்கே மருந்து இறங்கிடும்.

சோளத்துக்குப் பெண்டிமெத்தலின் வேண்டாம், முளைப்பைக் கெடுக்கும். பெண்டிமெத்தலின் பயறு வகைக்கு. தீவனத் தட்டைப்பயறு தனியா போட்டாலும், மக்காச்சோளத்தோட கலந்து போட்டாலும், 30 சதவீத இ.சி. ஏக்கருக்கு ஒரு லிட்டர், அதுவும் மூணாம் நாளுக்குள்ள. மக்காச்சோளமும் தட்டைப்பயறும் சேர்ந்த வயல்ல அட்ரசின் அடிச்சா மக்காச்சோளம் மட்டும் நிக்கும், தட்டைப்பயறு முளைச்சு வெளுத்துச் செத்துடும். பழைய கையேட்டுல கலப்புப் பயிருக்கு அலாக்ளோர்னு போட்டிருக்கும், அதைத் தேடி அலையாதே. 2020 டிசம்பரோட நாடு முழுக்கத் தடை.

கம்பு நேப்பியருக்கு? அட்ரசின் பாக்கெட் லேபிள்ல மக்காச்சோளம்னு பார்த்திருக்கேன், நேப்பியர் பேரைப் பார்த்ததில்ல. நட்டு ஒரு மாசத்துல ஒரு கைக்களை எடுங்கன்னுதான் பரிந்துரை. அதையே பிடிச்சுக்கோ. லேபிள்ல பேர் இல்லாத பயிருக்கு அடிச்சா, எத்தனை நாள் கழிச்சு மாட்டுக்குப் போடலாம்னு கேக்க அங்கே பதில் இருக்காது. அடிச்சுத்தான் ஆகணும்னு நிலைமை வந்தா, உங்க மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துல கேட்டு, எழுதி வாங்கிட்டுச் செய்.

நேப்பியர் மூணு வரிசை, வேலிமசால் ஒரு வரிசைன்னு போடுறது ரொம்ப நல்ல ஏற்பாடு, புல்லும் பயறும் சேர்ந்து மாட்டுக்குப் புரதம் கிடைக்கும். ஆனா அந்த வயல்ல அட்ரசின் வாசமே கூடாது. வேலிமசால் ஒரு சவலைப் பிள்ளை. விதைத்தோல் கெட்டி. தண்ணியைக் கொதிக்க வெச்சு இறக்கி நாலு நிமிஷம் ஆற விட்டு, அந்தச் சூட்டுல அஞ்சு நிமிஷம் விதையைப் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத்தண்ணியில ஊற வெச்சு விதைச்சாத்தான் ஒழுங்கா முளைக்கும். முளைச்ச பிறகும் முதல் மாசம் விரல் உயரத்துலயே நிக்கும். முதல் அறுப்புக்கே தொண்ணூறு நாள் ஆகும். பக்கத்துல சாரணை ஒரு வாரத்துல கைவிரிச்சுப் படுத்துடும். இதுக்கு மருந்து தேடாதே. இருபதாம் நாள் ஒருதடவை, நாப்பதாம் நாள் ஒருதடவை, உட்கார்ந்து சின்னக் களைக்கொத்தால வரிசையை மட்டும் சுத்தம் பண்ணு. வேலிமசால் நாத்து எது, களை எதுன்னு தெரியாம கூலியாள் பிடுங்கிடுவாங்க, பக்கத்துல நின்னு காட்டிக் குடு. தொட்டாச்சிணுங்கி இலை மாதிரி சின்னச் சின்னதா ரெண்டு பக்கமும் அடுக்கின இலை, அதுதான் உன் பயிர்.

குதிரைமசால் போடுறவங்க விதை வாங்கும்போதே கண்ணை வெச்சுக்கணும். கஸ்குட்டாங்கிற ஒட்டுண்ணிக் களை விதையோடவே வரும். இலை கிடையாது, மஞ்சள் நூல் மாதிரி படர்ந்து பயிரைச் சுத்திக்கும். ஒரு சின்ன வட்டமா கண்ணுல பட்டவுடனே, சுத்தியும் நல்ல பயிரையும் சேர்த்து ஒரு சாண் தள்ளி அறுத்து, வயலுக்கு வெளிய எரிச்சுடு. பூக்க விட்டா அந்த நிலத்துல வருஷக்கணக்கா குதிரைமசால் போட முடியாது.

தெளிக்கிற முறைக்கு வா. மருந்து சரியா இருந்தும் களை சாகலைன்னு சொல்றவங்க முக்கால்வாசிப் பேர் தெளிப்புல கோட்டை விட்டவங்கதான்.

ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணின்னு வெச்சுக்கோ. நூறு சென்ட்டுக்கு 200 லிட்டர்னா, ஒரு சென்ட்டுக்கு ரெண்டு லிட்டர். 16 லிட்டர் டேங்க் எட்டு சென்ட்டுக்கு வரணும். முதல்ல வெறும் தண்ணியை ஊத்தி, எட்டு சென்ட்டை அளந்து கயிறு கட்டி, நடந்து பாரு. அஞ்சு சென்ட்டுலயே தீர்ந்துட்டா நீ மெதுவா நடக்குறே, அந்த நடையில மருந்து அடிச்சா அளவு ஒன்றரை மடங்குக்கு மேல போயிடும். பத்து சென்ட் தாண்டினா வேகம் அதிகம். நடை பிடிபட்ட பிறகு மருந்தைக் கல. அட்ரசின் ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், அப்போ டேங்க்குக்கு 16 கிராம். பெண்டிமெத்தலின் லிட்டருக்கு 5 மில்லி, டேங்க்குக்கு 80 மில்லி. மூடியால அளக்குறது, கண்ணளவுல ஊத்துறது, "கொஞ்சம் கூடப் போட்டா நல்லா கேக்கும்"ங்கிறது, மூணும் வேண்டாம். சமையலுக்குத் திரும்பாத ஒரு அளவுக் குவளையும், கிராம் கணக்கு காட்டுற சின்னத் தராசும் மருந்துக்குன்னே வாங்கி வெச்சுக்கோ.

அட்ரசின் தூள் நேரா டேங்க்ல போட்டா அடியில போய் உட்கார்ந்துடும். ஒரு பக்கெட்ல கொஞ்சம் தண்ணி விட்டு, குச்சியால கட்டியில்லாம கூழாக் கரைச்சு, பிறகு டேங்க்ல ஊத்தி மீதித் தண்ணியை நிரப்பு. நடுநடுவுல டேங்க்கை ஆட்டிக்கிட்டே இரு. பெண்டிமெத்தலின் ஆரஞ்சு கலந்த மஞ்சளா இருக்கும், கையில பட்டா கறை போக நாளாகும். அந்தக் கறையே உனக்கு ஒரு எச்சரிக்கை, கையுறை போடாம தொட்டிருக்கேன்னு அர்த்தம்.

நாசில் மாத்தணும். பூச்சிமருந்துக்குப் போடுற கூம்பு நாசில் புகையாப் பறக்கும். களைக்கொல்லிக்கு விசிறி மாதிரி தட்டையா விழுற நாசில் தனியா கிடைக்கும், விலை கொஞ்சம்தான். முழங்கால் உயரத்துல பிடிச்சு, பின்பக்கமா நடந்துக்கிட்டே அடி. முன்னாடி நடந்தா நீ அடிச்ச மண்ணை நீயே மிதிச்சுக் கலைச்சுடுவே. மண்மேல ஒரு மெல்லிய படலமா மருந்து நிக்கணும், அதைத் துளைச்சு முளைக்கிற களைதான் சாகும். அதனால அடிச்ச ரெண்டு வாரத்துக்கு அங்கே கொத்தாதே, மாட்டை ஓட்டாதே, பிள்ளைங்க விளையாட விடாதே. மண் காஞ்சிருந்தா மருந்து வேலை செய்யாது. மூணாம் நாள் உயிர்த்தண்ணி விடுறோமே, அது சுண்டி, கால் வெச்சா சேறு ஒட்டாத பதம் வரும்போது அடிக்கிறதுதான் சரி. அன்னைக்கு மழை இடி இடிச்சுட்டு வந்தா தள்ளிப்போடு. ஆனா முளை வெளிய வந்துட்டா, அந்த மருந்தை அப்படியே மூடி வெச்சுட்டு களைக்கொத்தை எடு.

கோரை இந்த ரெண்டு மருந்துக்கும் மசியாது. முன்கூட்டியே சொல்லிட்டேன், பிறகு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதே. கோரைக்கு நிழல் ஆகாது. நேப்பியரைச் சந்து விடாம நட்டு, முளைக்காத இடத்துல பத்து, பதினஞ்சு நாளுக்குள்ள போக்கிடம் நிரப்பிடு. ரெண்டாவது அறுப்புக்குள்ள கோரை தானா மெலிஞ்சுடும்.

2,4-டி பத்திச் சொல்லாம விட முடியாது. அகல இலைக் களைக்கு மட்டும் கேக்குற மருந்து, புல் வகையை விட்டுடும், அதனால தீவனப் புல்லுல அடிக்கலாமேன்னு யாராவது யோசனை சொல்வாங்க. ரெண்டு காரணத்துக்காக நான் வேண்டாம்னு சொல்வேன். பக்கத்து வயல்ல பருத்தியோ தக்காளியோ கத்தரியோ திராட்சையோ இருந்தா, காத்துல மிதந்துபோன துளியே இலையைச் சுருட்டி, காயைக் கெடுத்துடும். அடிச்ச டேங்க்கை அரைகுறையா கழுவி அடுத்து பருத்திக்குப் பூச்சிமருந்து அடிச்சாலும் அதே கதிதான். ரெண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. இந்த மருந்து பட்டு வாடுற செடியில சிலதுக்கு ருசி கூடிடும். எப்பவும் மாடு முகர்ந்துட்டு விட்டுப்போற விஷச்செடியையும் அப்போ விரும்பித் தின்னும். சில களைச்செடியில நைட்ரேட்டும் ஏறும். வாடுன களையை "வீணாப் போகுதே"ன்னு அள்ளிட்டு வந்து ஆட்டுக்குப் போடுற வழக்கம் நம்ம பொம்பளைங்ககிட்ட உண்டு. அதைக் கண்டிப்பா நிறுத்தணும்.

வரப்புக்கு வருவோம், எனக்கு ரொம்ப மனசு கேக்காத விஷயம் இது. வயலுக்குள்ள ஒழுங்கா கைக்களை எடுத்துட்டு, வரப்புல மட்டும் மருந்தடிச்சு மஞ்சளாக்கி வெச்சிருக்காங்க. நிலம் இல்லாத எத்தனையோ பொம்பளைங்க ரெண்டு ஆடு, ஒரு மாடு வெச்சுக்கிட்டு வரப்புப் புல்லை அறுத்துத்தான் பொழைக்கிறாங்க. மருந்து அடிச்ச மொத நாள் புல் பச்சையாத்தான் நிக்கும், அடிச்சது யாருக்கும் தெரியாது. உன் வரப்புல எப்பவும் அடிக்காதே. பக்கத்து நிலத்துக்காரர் அடிச்சா, அறுக்க வர்றவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லு, ஒரு குச்சியில சிவப்புத் துணி கட்டி வை. காங்கேயம் பக்கம் கொரங்காடுன்னு மேய்ச்சல் நிலம் வெச்சிருக்காங்களே, கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லுமா, அங்கே தலைமுறை தலைமுறையா மருந்து இல்லாமத்தான் காங்கேயம் மாடு மேஞ்சு வளர்ந்திருக்கு. மானாவாரி நிலம் உள்ளவங்க நேப்பியருக்குப் பின்னாடி ஓடாம அதைப் போய்ப் பாருங்க.

களையில எல்லாமே எதிரி இல்ல. அருகு வயலுக்குக் கெடுதல், மாட்டுக்கு நல்ல தீனி. மருந்து படாத வயல்ல பிடுங்கினதா இருந்தா மண்ணைத் தட்டிட்டுப் போடலாம். பார்த்தீனியம் மட்டும் வேண்டாம். பால் கசக்கும், பிடுங்குறவங்களுக்குத் தோல் அரிப்பு வரும். கையுறை போட்டு, பூக்குறதுக்கு முன்னாடியே பிடுங்கிடு.

அடிக்கிற அன்னைக்கு முழுக்கைச் சட்டை, முகத்துக்கு மாஸ்க், காலுக்கு பூட்ஸ். கர்ப்பமா இருக்கிறவங்களும் பால் குடுக்கிறவங்களும் கலக்கவும் வேண்டாம், அடிச்ச வயல்ல இறங்கவும் வேண்டாம். காலையில காத்து எழுறதுக்கு முன்னாடி முடிச்சுடு. கோழியை அடைச்சு வை, மாட்டுத் தண்ணித்தொட்டியை மூடி வை. டேங்க்கைக் கிணத்தடியிலயோ வாய்க்கால்லயோ கழுவாதே. மூணு தடவை அலசி, அந்தத் தண்ணியை அடிச்ச நிலத்துலயே தெளிச்சுடு. களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வெச்சுக்க முடிஞ்சா அதைவிட நல்லது இல்ல. மீந்த மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதே, வந்த டப்பாவுலயே, லேபிளோட, பூட்டுப் போட்டு வை. காலி டப்பாவை ஓட்டை போட்டுடு, இல்லன்னா அதுல யாராவது பால் ஊத்துவாங்க. யாருக்காவது உள்ளே போயிட்டா வாந்தி எடுக்க வைக்காதே. 108-க்குக் கூப்பிட்டு, டப்பாவையும் கையோட ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போ. மாடு தின்னுட்டா 1962.

கடையில பில் கேட்டு வாங்கு. மருந்து பேர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி மூணும் அதுல இருக்கணும். அடிச்ச தேதியையும் வயலையும் அந்தப் பில்லு பின்னாடியே எழுதி, பால் சொசைட்டி நோட்டுக்குள்ள வை. அட்ரசின் அடிச்ச நிலத்துல அடுத்த போகத்துக்குக் கீரையோ பயறோ போட நினைக்கும்போது அந்தத் தேதியைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும். மாசக்கணக்குல மண்ணுல தங்குற மருந்து அது. சந்தேகமா இருந்தா, ஒரு மண்சட்டியில அந்த வயல் மண்ணை அள்ளிப் போட்டு, பத்து தட்டைப்பயறு ஊணிப் பாரு. முளைச்சு மூணாவது இலை வரைக்கும் வெளுக்காம பச்சையா நின்னா, வயல்ல விதைக்கலாம்.